எல்லாப் போட்டிக்கும் அதே ஐந்து பிள்ளைகள். என் மகள் எத்தனை வருஷம் ரிசர்வ்?

ஷிஃப்ட் அப்பா, பினாங்கு

வணக்கம். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, பசியாறி, தூக்கம் வராமல் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

மகள் ஆண்டு 4. தீவுப் பக்கம் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளி, பெயர் வேண்டாம். மொத்தமே 70 சொச்சம் பிள்ளைகள், அவள் வகுப்பில் 11 பேர். படிப்பில் குறை சொல்ல மாட்டேன். ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், யாருக்கு மூக்கடைப்பு என்பது வரை தெரிந்து வைத்திருக்கிறார்கள். என் கேள்வி புறப்பாடம் பற்றி, அதாவது பாடத்துக்கு வெளியே நடக்கிற கழகம், விளையாட்டு, போட்டி.

போன வாரம் பள்ளிப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் படம் வந்தது. மாவட்டத் தமிழ்மொழிப் போட்டிகள்: பேச்சு, கதை சொல்லுதல், திருக்குறள், கவிதை ஒப்புவித்தல். நிற்பவர்கள் ஐந்து பேர். அதற்கு முந்தின மாதம் புத்தாக்கப் போட்டிப் படம் வந்தது. அட்டைப் பெட்டியும் மோட்டாரும் வைத்து ஏதோ செய்திருந்தார்கள். அதிலும் அதே ஐந்து பேர். குறுக்கோட்டத்துக்கு மூன்று பேர், அந்த ஐந்தில் மூன்று. சதுரங்கத்துக்கும் அதிலேயே இரண்டு பேர். எனக்கு இப்போது அந்தப் பிள்ளைகளின் காலணி அளவுகூடத் தெரியும் போலிருக்கிறது.

பொறாமை இல்லை, சத்தியமாக. கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் மீதிப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று மகளிடம் கேட்டேன். "கை தட்டுவோம், போத்தல் பிடிப்போம்" என்றாள். "நீ?" என்றேன். "நான் ரிசர்வ் அப்பா. ஆண்டு 2-லிருந்தே ரிசர்வ்." பெருமையாகத்தான் சொன்னாள், அதுதான் என்னைக் குத்தியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பேச்சுப் போட்டிக்குப் போகிற பெண்ணின் முழு உரையும் இவளுக்கு மனப்பாடம். புதன்கிழமை புறப்பாட நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு ஏறிவிட்டது. வீட்டில் துணி மடித்துக்கொண்டே "அவைத் தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்தால் கடைசி நன்றி வணக்கம் வரை நிற்காமல் போகிறாள். குரல்தான் சின்னது. மின்விசிறி ஓடினால் கேட்காது.

வெளி வகுப்பும் முயற்சி செய்துவிட்டோம். பரதம் ஏழு மாதம், மாதம் 80 வெள்ளி (ரிங்கிட்). சலங்கை வாங்கிய மறுமாதம் நிறுத்திவிட்டாள். அபாகஸ் 120 வெள்ளி, அதை நான்தான் நிறுத்தினேன், ஒவ்வொரு சனிக்கிழமையும் வயிற்று வலி. கீபோர்டு கட்டிலுக்கு அடியில் தூங்குகிறது. மனைவி கிளினிக்கில் வேலை, எனக்கு ஷிஃப்ட். வண்டியில் ஏற்றி இறக்குவதற்கே ஒரு ஆள் வேண்டும்.

நான் நிபோங் திபால் பக்கம் தோட்டத்துப் பள்ளியில் படித்தவன். எங்களுக்குப் புறப்பாடம் என்றால் ஒரு பந்து, ஒரு திடல், 22 பேருக்குப் பதில் 40 பேர். ஆனால் யாரும் ரிசர்வ் இல்லை.

பள்ளியில் போய்ப் பேசலாமா? சின்னப் பள்ளி, அங்கே தும்மினால் இங்கே கேட்கும். நாளைக்கு மகளிடம் முகம் காட்டுவார்களோ என்று மனைவி பயப்படுகிறாள். இல்லை, இதை விட்டுவிட்டு வேறு வகுப்பு தேடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜோர்ஜ்டவுன்வாசி

பள்ளியை மாற்றுங்கள். பெரிய பள்ளியில் எல்லாம் இருக்கிறது, ரோபோட்டிக்ஸ், நீச்சல், பேண்டு. சின்னப் பள்ளியில் போட்டுவிட்டு வாய்ப்பு இல்லை என்றால் எப்படி?

ஷிஃப்ட் அப்பா, பினாங்கு

அண்ணே, 900 பிள்ளைகள் உள்ள பள்ளியில் என் மகள் ரிசர்வ் வரிசையில் 400-வது ஆளாக நிற்பாள். அங்கே மூக்கடைப்பையும் கவனிக்க மாட்டார்கள். மாற்றும் எண்ணம் இல்லை.

பழைய வாத்தியார்

தம்பி, 31 வருடம் தமிழ்ப்பள்ளியில் இருந்தேன். கடைசி 9 வருடம் புறப்பாடத் துணைத் தலைமையாசிரியர். நீங்கள் சொல்கிற அந்த ஐந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்த கை என்னைப் போன்ற ஒருவருடையதுதான். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், பிறகு திட்டுங்கள்.

150 பேருக்குக் குறைவாக இருந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி. ஆனால் பிள்ளைகள் குறைந்ததால் புறப்பாடம் குறைவதில்லை. சீருடை இயக்கம் வேண்டும், கழகம் வேண்டும், விளையாட்டு வேண்டும். 2011-இல் "ஒரு மாணவர் ஒரு விளையாட்டு" கொள்கை வந்த பிறகு, ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு விளையாட்டில் இருக்க வேண்டும் என்று ஆனது. நல்ல கொள்கைதான். ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் ஒரே ஆசிரியை சாரணர், தமிழ்மொழிக் கழகம், வலைப்பந்து, கூடவே நூல் நிலையம் என்று எல்லாவற்றையும் சுமப்பார். மாவட்டத்திலிருந்து போட்டிக் கடிதம் வந்தால் அநேகமாக இரண்டு மூன்று வாரம்தான் கையில் இருக்கும். அப்போது புதுப் பிள்ளையைப் பழக்க நேரம் ஏது? ஏற்கெனவே மேடை ஏறியவரையே மறுபடி ஏற்றுவோம். ஒருமுறை ஏறியவர் ஆறு வருடமும் ஏறுவார். தவறு என்று தெரியும். தெரிந்தேதான் செய்தோம்.

இன்னொரு காரணம் பெற்றோருக்குத் தெரியாது. உங்கள் மகள் பள்ளிக்கு எதில் போகிறாள்? வேன் என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. போட்டிப் பயிற்சி புதன்கிழமை மட்டும் போதாது, மற்ற நாளும் பள்ளி முடிந்து ஒரு மணி நேரம் இருக்க வேண்டும். வேன்காரர் காத்திருக்க மாட்டார், அவருக்கு இன்னும் இரண்டு பள்ளி. ஆகவே பட்டியல் போடும்போது ஆசிரியர் மனத்தில் முதலில் ஓடுவது "யாரை யார் வந்து கூட்டிப் போவார்கள்" என்பதுதான். என் காலத்தில் போட்டிக்குப் போன பிள்ளைகளை எண்ணிப் பார்த்தால், பாதிப் பேர் பள்ளிக்கு நடந்து வரும் தூரத்தில் குடியிருந்தவர்கள்.

புள்ளி பற்றியும் சொல்லிவிடுகிறேன், பல பெற்றோர் இதில் பதறுகிறார்கள். ஆண்டு 4 முதல் 6 வரை பிஏஜேஎஸ்கே என்ற புறப்பாட மதிப்பீடு இருக்கிறது. அதில் போட்டியில் வென்றது ஒரு பங்குதான். வருகை, பொறுப்பு, ஈடுபாடு, சேவை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். செகாக் உடல் தகுதிச் சோதனையும் அதோடு சேர்ந்தது. 3 நிமிடம் பலகையில் ஏறி இறங்குவது, தண்டால், உட்கார்ந்து கையை நீட்டித் தொடுவது எல்லாம் வரும். அதை எல்லாப் பிள்ளையும் செய்ய வேண்டும், ரிசர்வ் கிடையாது. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது கல்விக்கு 90, புறப்பாடத்துக்கு 10 என்று கணக்கு வரும், ஆனால் அது இடைநிலைப்பள்ளியிலும் அதற்கு மேலும் செய்ததை வைத்து. ஆண்டு 4-இல் போத்தல் பிடித்ததால் யாருக்கும் பல்கலைக்கழக வாய்ப்புப் போய்விடவில்லை.

பள்ளிக்குப் போங்கள், பயம் வேண்டாம். ஆனால் "ஏன் என் மகளை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி ஆசிரியைக்கு வாரத்துக்கு நான்கு முறை வருகிறது, அதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருப்பார். "அவளுக்கு என்ன பொறுப்பு கொடுக்கலாம்" என்று கேளுங்கள். கேட்கும்போது கையில் ஏதாவது கொண்டு போங்கள். பணத்தைச் சொல்லவில்லை, நேரத்தை.

ஷிஃப்ட் அப்பா, பினாங்கு

வாத்தியார் ஐயா, வேன்தான். 1.15-க்குக் கிளம்பிவிடும். இந்த மூன்று வருஷத்தில் இதை ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கே.எல். தம்பி

அண்ணா, நான் அந்த ஐந்து பேரில் ஒருவன். உங்கள் பள்ளி இல்லை, கெடாவில் வேறு பள்ளி. இப்போது வயது 24, பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்து வேலை பார்க்கிறேன்.

ஆண்டு 1 முதல் 6 வரை பேச்சுப் போட்டி எனக்குத்தான். உரை டீச்சர் எழுதுவார். எங்கே கை தூக்க வேண்டும், எங்கே குரல் உடைய வேண்டும் என்று சிவப்புப் பேனாவில் குறித்திருப்பார். மரம் நடுவோம் என்ற உரை இன்றும் எனக்கு வரும், நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் வரும். இதுவரை ஒரு மரம் நட்டதில்லை.

பதக்கம் 17 இருக்கிறது. அம்மா அலமாரியில் தொங்க விட்டிருக்கிறார், விருந்தாளி வந்தால் விளக்குப் போட்டுக் காட்டுவார். ஆனால் இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது என்னை யாருக்கும் தெரியாது. படிவம் 1-இல் மலாய்ப் பேச்சுப் போட்டிக்குத் தேர்வு வைத்தார்கள். உரையை நீயே எழுதி வா என்றார்கள். எனக்கு எழுதத் தெரியவில்லை. அப்புறம் ஐந்து வருடம் எதிலும் சேரவில்லை, வருகைக்காகப் பூப்பந்துக் கழகத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கழகத்திலும் எல்லாரும் லீ சோங் வெய் கனவில் இருந்தார்கள், நான் இறகுப் பந்து பொறுக்கினேன்.

டீச்சர் மேல் கோபம் இல்லை. நல்லவர், மகன் மாதிரி பார்த்துக்கொண்டார், ரொட்டி சானாய் எல்லாம் வாங்கிக் கொடுப்பார். உங்கள் மகள் உரையைத் தானாகக் கேட்டு மனப்பாடம் செய்தாள் என்றீர்களே, அவளைச் சொந்தமாக நான்கு வரி எழுதச் சொல்லிப் பாருங்கள். மேடை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

பிறை அக்கா

எனக்கு மூன்று பிள்ளைகள், இரண்டு பேர் தமிழ்ப்பள்ளியில். தம்பி, முதலில் அந்தக் கீபோர்டை விற்றுவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் இருக்கும் வரை அதைப் பார்த்து உங்களுக்கு எரிச்சல், உங்களைப் பார்த்து அவளுக்குக் குற்ற உணர்ச்சி. நான் ஒரு வயலின் வைத்திருந்தேன், அதனால் சொல்கிறேன்.

வகுப்பு என்றால் மாதக் கட்டணம் என்றே நினைக்காதீர்கள். நீங்கள் தீவில் இருக்கிறீர்கள், கடலுக்கு அந்தப் பக்கம் பிறையில் இருக்கிற எங்களைப் போல் பாலமோ பெர்ரியோ தேவையில்லை. கிரீன் லேனில் பினாங்கு மின்னிலக்க நூலகம் இருக்கிறது, உள்ளே போக ஒரு காசு வேண்டாம். கொம்தார் கட்டடத்தில் டெக் டோம் என்ற அறிவியல் மையம் இருக்கிறது. அதற்கு டிக்கெட் உண்டு, ஆனால் கைக்கு எட்டியதையெல்லாம் தொட்டுப் பார்க்கலாம், என் சின்னவன் ஒரே சாமான் முன்னால் 40 நிமிடம் நின்றான். யூத் பார்க்கில் ஓடவிடுங்கள். புக்கிட் டும்பாரில் நிக்கோல் டேவிட் பெயரில் ஸ்குவாஷ் மையம் இருக்கிறது, ஒருநாள் கூட்டிப்போய் வெளியே நின்று பந்துச் சத்தத்தையாவது கேட்கவிடுங்கள். நம் பினாங்குப் பெண், எட்டு முறை உலக வெற்றியாளர், 108 மாதம் முதலிடத்தை விடாமல் வைத்திருந்தவர். என் மகளிடம் சொன்னேன், "அப்போ அவங்களுக்கு ரிசர்வ் யாரு?" என்று கேட்டாள். பிள்ளைகளுக்கு ஏன்தான் இந்த ரிசர்வ் புத்தியோ.

எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒரு வேலை செய்தோம். யாருக்கு என்ன தெரியும் என்று ஒரு தாளைச் சுற்றில் விட்டோம். லாரி ஓட்டுகிற ஒரு அப்பாவுக்குச் சிலம்பம் தெரிந்திருக்கிறது, பத்து வருஷமாக அந்தப் பள்ளி வாசலில்தான் நின்றிருக்கிறார், ஒருவரும் கேட்கவில்லை. தலைமையாசிரியர் அனுமதி எழுதிக் கொடுத்தார், வெளி ஆள் உள்ளே வர அது கட்டாயம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் நெற்றி அளவுக்குக் கம்பு வெட்டிக் கொண்டு வந்தார். போட்டி கிடையாது, பதக்கம் கிடையாது. 26 பிள்ளைகள் சுற்றுகிறார்கள். இரண்டு டியூப் விளக்கு உடைந்தது, அதை நாங்கள் வாங்கிக் கொடுத்துவிட்டோம்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் மகளுக்கு என்ன பிடிக்கும் என்று நீங்கள் எழுதவே இல்லையே?

ஷிஃப்ட் அப்பா, பினாங்கு

பிறை அக்காவின் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் அன்று எழுதாமல் போய்விட்டேன். இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

மகளிடம் கேட்டேன். "தெரியாது" என்றாள். அவள் பாட்டிதான் சொன்னார், "அவளுக்குக் கட்டுப் போடத்தான் பிடிக்கும், உனக்குத் தெரியாதா?" பள்ளியில் இவள் செம்பிறைச் சங்கம், முதலுதவி பழக்குகிற சீருடை இயக்கம். சீருடைக்கு நான்தான் பணம் கட்டினேன், அதோடு மறந்துவிட்டேன். வீட்டில் நான் தூங்குகிற பகல் நேரத்தில் பாட்டியின் முழங்கால், தலையணை, பக்கத்து வீட்டுப் பூனை எல்லாவற்றுக்கும் கட்டு நடந்திருக்கிறது. பூனை இப்போது எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. எனக்கும் முக்கோணத் துணியால் கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கட்டிக் காட்டினாள். முடிச்சை நான் தப்பாகப் போட்டேன். "வலதை இடது மேலே, அப்புறம் இடதை வலது மேலே. இல்லாட்டி அவிழ்ந்திடும்" என்று அதட்டினாள். அந்த அதட்டல் மின்விசிறியைத் தாண்டிக் கேட்டது.

பள்ளிக்குப் போனேன். வாத்தியார் ஐயா சொன்ன மாதிரியே கேட்டேன். டீச்சர் முதலில் முகத்தை இறுக்கமாக வைத்திருந்தார், பிறகு ஒரு கோப்பை எடுத்துக் காட்டினார். நான்கு கழகத்தின் வருகைப் பதிவேடும் அவர் கையில்தான். "சார், நான் வீட்டுக்குப் போனா என் பிள்ளைக்கே பாடம் பார்க்க முடியல" என்றார். நான் சண்டைக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வசனம் எல்லாம் வாய்க்குள்ளேயே கரைந்துவிட்டது. விளையாட்டுப் போட்டியன்று முதலுதவிக் கூடாரத்தில் மகளுக்கு வேலை கொடுத்தார்கள். அன்றைக்கு யாருக்கும் பெரிதாக அடிபடவில்லை, அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். சிவப்பு இல்லத்துப் பையன் ஒருவனுக்கு முழங்கால் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவனுக்குத் தேவைக்கு மூன்று மடங்கு கட்டு.

பேச்சுப் போட்டிக்கு இன்னும் எடுக்கவில்லை. அதே பிள்ளைதான் போனது, மாநிலத்துக்கும் தேர்வாகியிருக்கிறது, வாழ்த்துகள். தம்பி சொன்னபடி நான்கு வரி எழுதச் சொன்னேன். பூனையைப் பற்றி ஏழு வரி எழுதினாள். அதில் நானும் வருகிறேன், குறட்டை விடுகிறவராக.

கீபோர்டு விற்றாகிவிட்டது, 150 வெள்ளி.

அப்புறம், கையில் நேரம் கொண்டு போகச் சொன்னீர்களே ஐயா, அது என்னை மாட்டிவிட்டது. சதுரங்கம் விளையாடத் தெரியுமா என்று டீச்சர் கேட்டார், தெரியும் என்று சொல்லிவிட்டேன். இப்போது சனிக்கிழமை காலை 9 மணி முதல் 10.30 வரை சிற்றுண்டிச்சாலையில் 14 பிள்ளைகள். நான்கு பலகை, அதில் இரண்டு பலகையில் ராஜா காணோம், மைலோ டப்பா மூடியை வைத்து ஆடுகிறோம். அந்த ஐந்து பேரில் ஒரு பையனும் வருகிறான். மூன்று வாரமாக ஆண்டு 2 பிள்ளை ஒன்றிடம் தோற்கிறான், ஆனாலும் வருகிறான். சனிக்கிழமை வேன் இல்லாததால் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) பிள்ளைகளை என் வண்டியில் ஏற்றுகிறேன், ஐந்து பேருக்கு மேல் ஏற்ற முடியாது. மகளுக்குச் சதுரங்கத்தில் துளியும் ஆசை இல்லை. பையை எடுத்துக்கொண்டு வந்து மூலையில் உட்கார்ந்து, காத்திருக்கிற பிள்ளைகளுக்குக் கட்டுப் போடுகிறாள்.

அடுத்த மாதம் முதல் இரண்டு சனிக்கிழமை எனக்கு மார்னிங் ஷிஃப்ட். தீவுப் பக்கம் யாருக்காவது அந்த நேரம் காலியா? பெரிதாக ஆடத் தெரிய வேண்டாம், குதிரை எப்படிப் போகும் என்று தெரிந்தால் போதும். பிறை அக்கா, பெர்ரி காசு நான் தருகிறேன்.